பேய்த்தலை விண்மீனும் செவிகேளா இளைஞரும்

ஷஅபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் மாலை. மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மாடியிலும் வீட்டு மொட்டை மாடிகளிலும் கூட்டம் கூடிவிடும். மேற்கு நோக்கி விரல்கள் நீளும். "அதோ, அந்தத் தென்னை மரத்துக்கு மேலே!" என்று ஒரு சிறுவன் கூவுவான். "எங்கே தம்பி, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு பெரியவர். கண்டதாகச் சொல்லி ஒருவர் முன்வந்தால், பொறுப்பிலிருக்கும் ஆலிம் பெருமகனார் அவரைத் தனியே அழைத்து விசாரிப்பார். நீங்களே கண்ணால் கண்டீர்களா, பிறர் சொல்லக் கேட்டீர்களா? பிறையின் முனைகள் எந்தப் பக்கம் நோக்கியிருந்தன? அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம்? எத்தனை மணிக்கு? மேகம் இருந்ததா?

ஏறத்தாழ இதே கேள்விகளை ஆண்டுக்கு ஓரிரு மாலைகளில் அல்லாமல் ஒவ்வோர் இரவும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் மனிதர்கள் உலகில் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் வானியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், அலுவலக எழுத்தர்கள், இல்லத்தரசிகள், பள்ளி மாணவர்கள். பகலெல்லாம் தத்தம் வேலையைப் பார்த்துவிட்டு, இரவில் வெளியே வந்து குறிப்பிட்ட சில விண்மீன்களின் ஒளியை அளந்து, நாளும் நேரமும் இட்டு எழுதி வைக்கின்றனர். அந்த விண்மீன்களுக்கு 'ஒளி மாறும் விண்மீன்கள்' என்று பெயர். வானத்தில் எல்லா மீன்களும் என்றும் ஒரே அளவில் ஒளிர்வதாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், சில மீன்கள் மங்குவதும் பின் ஒளி பெறுவதுமாக இருக்கின்றன. சிலவற்றுக்கு இதற்குச் சில மணி நேரமே போதும். சிலவற்றுக்கு ஓராண்டும் ஆகும்.

இவற்றுள் நமக்கு மிக நெருங்கிய ஒன்றைப் பற்றி எழுதவே இக்கட்டுரை. நெருக்கம் என்றது தொலைவைக் கருதி அன்று. அதன் ஒளி நம்மை வந்தடையச் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றிரவு நாம் காணும் ஒளி, நம் பாட்டனார் காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. நெருக்கம் அதன் பெயரில் இருக்கிறது.

பெயர் வந்த வரலாறு

அந்த மீனை உலகம் 'அல்கோல்' என்கிறது. அரபியில் 'ரஃஸுல் கூல்'. பாலைவனத்தில் வழிப்போக்கரை மயக்கிக் கொல்லும் என்று அறியாமைக் கால அரபுகள் அஞ்சிய பேய்க்குக் 'கூல்' என்று பெயர். 'ரஃஸ்' என்றால் தலை. ஆகவே அது பேய்த்தலை. சோதிடம் பார்ப்போர் நெடுங்காலமாக இதனை வானத்திலேயே மிகக் கெட்ட மீன் என்று சொல்லி மக்களை அச்சுறுத்தி வந்தனர்.

இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். 'அரபுகள் இந்த மீன் கண் சிமிட்டுவதை அன்றே கண்டறிந்தனர். அதனால்தான் பேய் என்று பெயர் வைத்தனர்' என்று சிலர் பெருமையுடன் எழுதுகின்றனர். படிக்க இனிக்கிறது. ஆனால் அதற்கு எழுத்தில் சான்று இல்லை. கிரேக்க அறிஞர் தாலமி இந்த மீனை, பார்த்தவரைக் கல்லாக்கும் ஓர் அரக்கியின் தலையில் இருப்பதாக எழுதியிருந்தார். அவர் நூலை மொழிபெயர்த்த அரபு அறிஞர்கள், அந்த அரக்கிக்கு ஈடாகத் தம் மக்கள் அறிந்த 'கூல்' என்னும் சொல்லை வைத்தனர். பெயர் வந்த வழி இவ்வளவே. காணாததைக் கண்டதாகச் சொல்லும் சாட்சி பிறைக்கும் செல்லாது, நம் முன்னோரின் பெருமைக்கும் செல்லாது.

அவர்களுடைய உண்மைப் பெருமைக்குக் குறைவே இல்லை. ரய் நகரில் 903-ஆம் ஆண்டில் பிறந்து, இஸ்ஃபஹானில் புவைஹி அமீர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, சுமார் 964-ஆம் ஆண்டில் நிலையான விண்மீன்களின் உருவங்கள் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். தாலமி எழுதியதை அப்படியே படியெடுத்துத் தருவதுடன் மனநிறைவு கொள்ளும் வழக்கம் அன்று இருந்தது. அஸ்ஸூஃபி அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொரு மீனையும் தம் கண்ணாலேயே பார்த்து, அதன் ஒளியை மீண்டும் மதிப்பிட்டு, முன்னோர் எழுதியது பொருந்தாத இடங்களில் பொருந்தவில்லை என்றே எழுதினார். அந்நூலில் ஆந்த்ரோமெதா என்னும் மீன்குழுவுக்கு அருகே ஒரு சிறு முகில் இருப்பதாகவும் குறித்தார். இன்று நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் அந்த முகிலைப் பற்றிய முதற் குறிப்பு அதுவே. அந்தச் சிறு முகிலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதனிடம் திரும்பி வருவோம்.

யார்க் நகரத்துச் சன்னல்

அல்கோலின் ஒளி மாறுவதை இத்தாலி நாட்டு மொந்தனாரி என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் கவனித்து எழுதினார். ஆனால் எப்போது மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதற்கு விடை இல்லை. அதன்பின் நூறாண்டுக்கும் மேல் அந்தச் செய்தி உறங்கிக் கிடந்தது.

அதனை எழுப்பியவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். 1764-இல் பிறந்தவர். சிறு குழந்தையாயிருந்தபோது கண்ட நோயினால் கேட்கும் திறனை முற்றிலும் இழந்தவர். அக்காலத்தில் இத்தகைய குழந்தைகளைப் பெரும்பாலோர் வீட்டின் மூலையில் இருத்திவிடுவர். குட்ரிக்கின் பெற்றோர் அவ்வாறு செய்யவில்லை. செவிகேளாப் பிள்ளைகளுக்கென்றே எடின்பரோவில் நடந்துவந்த பள்ளிக்கு அவரை அனுப்பினர். பின்னர் மற்ற மாணவர்களுடன் வாரிங்டன் கல்விக்கழகத்தில் சேர்ந்து கணிதத்தில் சிறந்து விளங்கினார். செவிகேளாப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று எண்ணும் வீடுகள் நம்மிடையே இன்றும் இல்லாமலில்லை. அவர்களுக்காகவே இதனைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

யார்க் திரும்பிய இளைஞருக்கு எட்வர்டு பிகட் என்னும் நண்பர் வாய்த்தார். பிகட்டின் வீட்டில் நல்ல கருவிகள் இருந்தன. ஒளி மாறும் மீன்களைக் கவனிக்கும் வழியை அவரே குட்ரிக்குக்குக் காட்டினார். 1782 நவம்பர் 12-ஆம் நாள் இரவு குட்ரிக் அல்கோலை நோக்கினார். வழக்கமாக ஒளிரும் மீன் அன்று மங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்த்தார். தம் கண்ணையே அவர் நம்பவில்லை. இவ்வளவு விரைவாக ஒரு மீன் மாறும் என்று அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கண்ணில் கோளாறோ, காற்றில் மாசோ என்று ஐயுற்று, அந்த ஐயத்தையும் சேர்த்தே தம் நாட்குறிப்பில் எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அதன்பின் வானம் தெளிந்த இரவுகளிலெல்லாம் பார்த்தார். அடுத்த மாத இறுதியில் மீண்டும் ஒருமுறை மங்கலைப் பிடித்தார். பிறகு மற்றொன்று, பிறகு இன்னொன்று. மங்கலுக்கும் மங்கலுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. 2 நாட்கள், 20 மணி, 49 நிமிடங்களுக்கு ஒருமுறை அல்கோல் மங்குகிறது. முதலில் சில நிமிடங்கள் குறைவாக மதிப்பிட்டவர், மேலும் பார்த்துப் பின்னர் தாமே திருத்திக்கொண்டார். இன்றைய நுண்கருவிகள் தரும் கணக்குக்கும் அவர் திருத்திய கணக்குக்கும் அரை நிமிட வேறுபாடுகூட இல்லை. பெரும்பாலும் வெறுங்கண்ணால், ஒரு வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தவர் அவர்.

ஏன் மங்குகிறது? 1783 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட அவருடைய கடிதம் இரண்டு விளக்கங்களை முன்வைத்தது. அந்த மீனைச் சுற்றிவரும் ஒளி குறைந்த பொருள் ஒன்று அதனை அவ்வப்போது மறைக்கலாம். அல்லது மீனின் ஒரு பக்கத்தில் கரும்புள்ளிகள் இருந்து, அது சுழலும்போது அப்பக்கம் நம்மை நோக்கலாம். இரண்டில் எது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குச் சான்று தம்மிடம் இல்லை என்பதை அறிந்திருந்தார். அவ்வாண்டே சொசைட்டி தன் உயரிய கோப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. பத்தொன்பது வயது.

முதல் விளக்கமே சரி என்று ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் வோகல் என்னும் அறிஞர் 1889-இல் மெய்ப்பித்தார். அல்கோல் தனி மீன் அன்று. ஒன்றையொன்று சுற்றும் இரு மீன்கள். ஒன்று மிகுந்த வெப்பமும் ஒளியும் உடையது. மற்றது உருவில் சற்றுப் பெரிது, ஒளியில் மிகவும் குறைவு. மங்கலான மீன் ஒளிமிக்க மீனின் முன்னே வரும்போது அதன் ஒளியில் பெரும்பகுதி மறைகிறது. சுமார் ஐந்து மணி நேரம் மங்கி, மேலும் ஐந்து மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். சுருங்கச் சொன்னால் அது ஒரு கிரகணம்.

கிரகணம் என்றதும் நம் உள்ளம் மதீனாவுக்குச் செல்வது இயல்பு. நபி (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் உண்டாயிற்று. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் மங்கியது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மகனை இழந்த துயரத்திலிருந்தும் நபியவர்கள் அந்தப் பேச்சை அப்படியே விடவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நேர்வதில்லை, அது இறைவனின் அத்தாட்சி என்று தெளிவுபடுத்தித் தொழுகையின்பால் மக்களைத் திருப்பினார்கள். பேய்த்தலையைக் காட்டி நல்ல நாள், கெட்ட நாள் குறித்தவர்களின் கூற்று, அதுவும் ஒரு கிரகணமே என்று தெரிந்தபின் எங்கே நிற்கும்?

சிறு முகிலின் தொலைவு

குட்ரிக் அத்துடன் ஓயவில்லை. 1784-இல் மேலும் இரு மாறும் மீன்களைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று செஃபியஸ் குழுவிலுள்ள தெல்தா செஃபி. இது கிரகணத்தால் மங்குவதன்று. மீனே விரிந்து சுருங்குகிறது. ஐந்து நாட்களும் ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவான நேரமும் கொண்ட சுற்றில் ஒளி கூடிக் குறைகிறது. 1786 ஏப்ரலில் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நான்காம் நாள் அவர் இறந்தார். இருபத்தோரு வயதுதான் வாழ்ந்தார்.

தெல்தா செஃபியைப் போன்ற மீன்களை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் ஒளிப்படத் தகடுகளில் தேடியெடுத்தவர் ஹென்ரியெத்தா லீவிட் என்னும் பெண்மணி. வியப்பாக, இவரும் கேட்கும் திறன் குன்றியவர். தொலைநோக்கியில் பார்ப்பது ஆண்களுக்கே உரிய பணியென்று கருதப்பட்ட காலம் அது. பெண்களுக்குக் குறைந்த ஊதியத்தில் தகடுகளைக் கணக்கிடும் வேலை. அந்த வேலையிலிருந்தே அவர் பெரிய உண்மையொன்றைக் கண்டெடுத்து 1912-இல் விளக்கினார். இவ்வகை மீன்களில் சுற்றுக் காலம் நீளநீள உண்மையான ஒளியும் மிகும். சுற்றுக் காலத்தை அளந்தால் மீனின் உண்மை ஒளி தெரியும். அது நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தோன்றுகிறது என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். தெரு முனையில் எரியும் விளக்கு இத்தனை வாட் என்று தெரிந்தால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிடுவது போன்றது இது.

1923-இல் எட்வின் ஹப்பிள் என்னும் வானியலர் அத்தகைய மீன் ஒன்றை ஆந்த்ரோமெதாவின் முகிலுக்குள் கண்டார். ஆம், அஸ்ஸூஃபி குறித்துவைத்த அதே சிறு முகில்தான். லீவிட்டின் விதிப்படி கணக்கிட்டதில், நம் விண்மீன் கூட்டத்துக்கு அது வெகு தொலைவில், தனக்கென்று எண்ணற்ற மீன்களைக் கொண்ட மற்றொரு பெரும் கூட்டம் என்பது தெரியவந்தது. இன்றைய கணக்கில் அதன் தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். இஸ்ஃபஹானில் ஒருவர் உள்ளது உள்ளபடி எழுதிய குறிப்பு. யார்க் நகரத்துச் செவிகேளா இளைஞர் கண்ட மீன். செவிகுன்றிய பெண்மணி கண்ட விதி. மூன்றும் ஒன்றுசேர ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆயிற்று.

ஜெஸ்ஸூர் கருவூல ஊழியர்

இதெல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை என்று எண்ண வேண்டாம். விண்மீன் ஒளித்தரத்தை இன்று உலகம் அளக்கும் அளவுகோலை 1856-இல் வகுத்த நார்மன் பாக்சன், 1861 முதல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அங்கே அவருக்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் தென்வானில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

ஆனால் அவர்கள் பணியாளர்கள். ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டவர் வங்காளத்தின் ராதா கோபிந்த சந்திரர். 1878-இல் இன்றைய பங்களாதேஷைச் சேர்ந்த ஜெஸ்ஸூர் பகுதியில் பிறந்தவர். பள்ளித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்று, மாவட்டக் கருவூலத்தில் சிறு ஊழியரானவர். தம் குறைந்த வருவாயிலிருந்து பணம் சேர்த்து இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். பகலில் அரசாங்கப் பணம், இரவில் விண்மீன்.

அமெரிக்காவில் வில்லியம் ஓல்காட் என்னும் வழக்கறிஞரின் முயற்சியால் 1911-இல் தோன்றிய ஒளிமாறும் விண்மீன் நோக்கர்கள் சங்கத்துக்குத் தம் குறிப்புகளை அவர் தவறாது அனுப்பிவந்தார். அவற்றின் தரத்தைக் கண்ட சங்கம், ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு இரவலாக அனுப்பியது. முகம் பாராத ஒருவருக்கு, அவர் எழுதியனுப்பிய எண்களின் நேர்மை ஒன்றையே நம்பி அனுப்பப்பட்ட அமானிதம் அது! நாட்டுப் பிரிவினைக்குப் பின் கல்கத்தா அருகே பராசத்துக்குக் குடிபெயர்ந்த சந்திரர், 1950-களின் நடுப்பகுதி வரை 37,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அளித்தார். அவரால் முடியாமற்போனபோது அந்தத் தொலைநோக்கி வானியலர் வைணு பாப்புவிடம் சென்று, பிற்காலத்தில் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு வந்து சேர்ந்தது. வாணியம்பாடி வாசகர்களுக்கு அது மலையேறிச் சென்று வரக்கூடிய தூரமே. சந்திரர் 1975-இல் மறைந்தார்.

பெரிய ஆய்வுக்கூடங்கள் இருக்கும்போது இவர்கள் எதற்கு என்று கேட்கலாம். பெரிய தொலைநோக்கியில் ஓர் ஆய்வாளருக்கு ஆண்டில் சில இரவுகளே கிடைக்கும். மாறும் மீன்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றை ஆண்டுக்கணக்கில் விடாது பார்க்க வேண்டும். 2019 இறுதியில் வேட்டைக்காரன் குழுவின் சிவந்த மீன் திடீரென மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் யாரும் எதிர்பாராத அளவுக்கு மங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பேசிற்று. இது வழக்கமான மங்கலா, புதியதா என்று சொல்லப் பல்லாண்டுக் குறிப்புகள் தேவைப்பட்டன; அவை தன்னார்வ நோக்கர்களின் ஏடுகளில் இருந்தன. அந்த மீன் வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதன் பெயரும் அரபிதான். 'யதுல் ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை. ஏடு பெயர்த்தவர் யாவின் இரு புள்ளிகளில் ஒன்றை விட்டுவிட, அது பாவாகி, ஐரோப்பியர் வாயில் 'பெட்டல்ஜியூஸ்' ஆகிவிட்டது. ஒரு புள்ளி தவறினால் என்னவாகும் என்று மதரஸாவில் உஸ்தாத் கண்டிப்பது இதற்குத்தான் போலும்.

நம் மாடியிலிருந்து

வானில் இத்தனை அரபிப் பெயர்கள் இருப்பதை மேடைகளில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவற்றுள் எத்தனை மீன்களை நம்மால் விரல் நீட்டிக் காட்ட முடியும்? இந்தக் கேள்வியை முதலில் என்னையே கேட்டுக்கொண்டேன். விடை நாணத்தக்கதாய் இருந்தது. அதன்பிறகே ஒரு மார்கழி இரவில் மாடி ஏறினேன்.

டிசம்பர் நடுவில் இஷா தொழுது உணவும் முடித்து ஒன்பது மணியளவில் மாடிக்கு வந்தால், தலைக்கு மேலே சிறு கொத்தாக மீன்கள் தெரியும். தமிழில் கார்த்திகை. அரபியில் ஸுரையா. அந்தப் பெயருள்ள மகளோ மருமகளோ இருக்கும் வீடுகள் பல. அவர்களுக்கு முதலில் இதனைக் காட்டுங்கள். அங்கிருந்து வடக்கே, சற்று மேற்காகப் பார்வையை நகர்த்தினால் அல்கோல். மங்காத நாட்களில் அது, அதற்கு மேற்கே ஆந்த்ரோமெதாக் குழுவின் கோடியிலுள்ள அல்மாக் என்னும் மீனுக்குச் சமமாக ஒளிரும். இரண்டின் ஒளித்தரமும் 2.1. முற்றும் மங்கும்போது 3.4 ஆகி, அருகேயுள்ள சிறு முக்கோணக் குழுவின் முனை மீனுக்குச் சமமாகிவிடும். எண் கூடினால் ஒளி குறைவு என்பது இந்த அளவுகோலின் விந்தை.

அளக்கும் முறையும் இதுவே. ஒளி மாறாத இரு மீன்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை விட மங்கலா, மற்றதை விட ஒளியா, இரண்டுக்கும் நடுவில் எந்த இடம் என்று மதிப்பிட வேண்டும். கருவி ஏதும் வேண்டியதில்லை. மாடி விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரமாவது கண்ணை இருளுக்குப் பழக்கிக்கொண்டால் போதும். எழுதுவதற்கு வெளிச்சம் தேவைப்பட்டால், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். பழகியவர்கள் ஒன்றை வலியுறுத்துவர்: பார்ப்பதற்கு முன் நேற்றைய குறிப்பைப் புரட்டாதீர்கள், மனம் எதிர்பார்ப்பதைக் கண் கண்டுவிடும்.

ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு மிக மங்கிய நிலை என்றால், அடுத்தது மூன்றாம் நாள் இரவு 11.49-க்கு. அதற்கடுத்தது இரவு 8.38-க்கு; வீட்டார் அனைவரும் விழித்திருக்கும் நேரம். பிறகு சில முறை பகலில் நேர்ந்து கண்ணுக்குத் தப்பிவிடும். சுமார் இருபத்து மூன்று நாட்களில் அதே வரிசை திரும்பவும் வரும்.

என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆறு இரவுகள் இருக்கின்றன. நான்கில் அல்கோல் அல்மாக்குக்குச் சமம். ஒன்றில் அதைவிடச் சற்று மங்கல், ஆனால் ஐயம் என்று எழுதியிருக்கிறேன். ஆறாவது இரவுக்கு எதிரே, மேகம், காணவில்லை என்று மட்டும் இருக்கிறது.